மாமரத்தில் ஏறும் கோழிகளும் கனடாக் கூடும்

கேள்வி:

டொக்டர் ஐயா, நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோடிப்புறத்தில் ஊர்க்கோழி வளர்க்கிறேன். கூடு சீமெந்துக் கல்லால் கட்டி மேலே தகரம் போட்டது; ஒரு சின்ன யன்னல் உண்டு. போன சித்திரையில் ஒரே நாளில் மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. மூன்றும் அடையில் கிடந்தவை. கார்த்திகை மழையில் நான்கு கோழிகளுக்கு மூக்கு ஒழுகி மூச்சு கரகரத்தது. அவற்றில் இரண்டு போய்விட்டன. இப்போது மிச்சம் பன்னிரண்டு பேடும் ஒரு சேவலும். பின்னேரமானால் இவை பிடிவாதமாகக் கூட்டுக்குள் போக மறுத்து மாமரத்தில் ஏறிவிடுகின்றன. மரநாய்க்குப் பயந்து நான் நித்திரை கொள்வதில்லை.

மகன் ரொறன்ரோவுக்கு வெளியே காணியோடு வீடு வாங்கி இருக்கிறான். 'கடும் கோடைக்கும் கடும் குளிருக்கும் ஏற்றது' என்று விற்கும் ஒரு மரக்கூட்டின் படத்தை அனுப்பி, இதே மாதிரி இங்கே தச்சரைக் கொண்டு செய்வியுங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறான். அவனும் அதே கூட்டை வாங்கி நான்கு கோழிகள் வளர்க்கிறான். பனிக்காலத்தில் உள்ளே சூட்டு விளக்குப் போட வேண்டுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னான். பட்டணத்துக் கடை ஒன்றில் இரண்டு தட்டு இரும்புக் கூடும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. எதைத் தெரிவு செய்வது?

பதில்:

ரீச்சர், கோழிகள் கூட்டுக்குள் போக மறுப்பதைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் பின்னேரம் ஆறரை மணிக்கு அந்த மாமரத்தின் கீழ் நின்று மேலே பாருங்கள். நுனிக்கொப்பில் ஒன்றும் இராது. நடுமரத்தில், கால் விரல் பற்றுகிற அளவு பருத்த கொப்பில், தலைக்கு மேலே இலை அடர்ந்த இடமாகப் பார்த்து வரிசையாகக் குந்தியிருக்கும். மேலே கூரை இருக்கிறது. நான்கு பக்கமும் காற்று இருக்கிறது. கால் நிலத்தில் படவில்லை. மாமரத்தில் இல்லாதவை இரண்டுதான்: மரநாயை மறிக்க ஒரு கதவு, மாரி மழைக்கு ஒரு மறைப்பு. அந்த இரண்டையும் மாமரத்தோடு சேர்த்தால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய கூடு. மகன் அனுப்பிய படத்திலும் கடையிலுள்ள இரும்புக் கூட்டிலும் நான் அந்த மாமரத்தைக் காணவில்லை.

முதலில் சித்திரையில் செத்த மூன்றைப் பற்றி. கோழியின் உடம்புச் சூடு 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை. நமக்கு அது கடும் காய்ச்சல். அதற்கு அது சாதாரண நாள். ஆனால் கோழிக்கு வியர்ப்பதில்லை. அதற்கான சுரப்பியே அதன் தோலில் கிடையாது. சூட்டை வெளியேற்ற அதற்கிருக்கும் வழிகள் சில: கொண்டையிலும் தாடியிலும் இரத்தத்தை ஓடவிடும், செட்டையை உடம்பிலிருந்து அகட்டிப் பிடிக்கும், குளிர்ந்த மண்ணைக் கிண்டி அதில் வயிற்றை வைத்துக் கிடக்கும், ஒன்றுக்கும் அடங்காவிட்டால் வாயைத் திறந்து இளைக்கும். 30 பாகையைத் தாண்டும்போதே இளைப்புத் தொடங்கிவிடும். இவை எல்லாவற்றுக்கும் காற்று நகர வேண்டும். உங்கள் கூட்டில் யன்னல் ஒன்றுதான். ஒரு யன்னலால் உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக இடமில்லை என்பதால் அது வருவதுமில்லை. அடைக்கோழி முட்டையை விட்டு எழும்பாது, தண்ணீருக்கும் போகாது. தலைக்கு மேலே தகரம், முதுகுப்புறம் வெயிலில் காய்ந்த கல். மற்றக் கோழிகள் வேலியோர நிழலுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன.

நம்பிக்கை இல்லாவிட்டால், வெயிலான நாளில் பகல் இரண்டு மணிக்கு அந்தக் கூட்டுக்குள் கையை நீட்டித் தகரத்தின் அடிப்பக்கத்துக்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பாருங்கள். தொட வேண்டாம். அடுப்புக்கு மேலே கை காட்டுவது போல இருக்கும்.

இதை உங்களுக்குக் குற்றமாகச் சொல்லவில்லை; இதே பிழையை நானும் செய்தவன். பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து வந்த புதிதில், தாயாரின் கோழிகளுக்கு 'விஞ்ஞான முறைப்படி' ஒரு கூடு கட்டிக் கொடுத்தேன். சீமெந்துக் கல், பூச்சு, புதுத் தகரம், பூட்டுப் போட்ட கதவு. அதுவரை அவை மாட்டுக்கொட்டிலின் பத்தியில், வளையில் ஏறிப் படுத்தவை. அந்தக் கோடையிலேயே நான்கு செத்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அலவாங்கை எடுத்து, தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் மேல் இரண்டு வரிக் கல்லை இடித்து இறக்கிவிட்டு, வலைக்கம்பியைக் கட்டி, தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பியிருந்தார். நான் வந்து பார்த்தபோது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்தக் கூட்டில் வெயிலுக்கு ஒரு கோழி சாகவில்லை. வேலையில் நான் பிறகு கொடுத்த ஆலோசனைகளில் பாதி அந்த அலவாங்கிலிருந்து வந்தவை.

சாகாத கோழிகளும் கணக்குக் காட்டும். கோடையில் தோல் போல மெல்லிய ஓட்டோடு முட்டை வந்திருக்குமே? பலர் தீனியில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சிப்பித்தூள் தேடி ஓடுவார்கள். வாய் திறந்து இளைக்கும்போது கோழியின் இரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு கட்ட அந்த வாயுவின் பங்கும் வேண்டும். சிப்பித்தூள் கூடாது என்று சொல்லவில்லை. கூரையைச் சரிசெய்யாமல் சிப்பித்தூளை மட்டும் கொட்டிப் பயன் குறைவு.

இனிக் குளிர். யாழ்ப்பாணத்தில் கோழிக்குக் குளிர் என்று ஒன்று உண்டா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். தை மாதத்து விடியற்பனியிலும் நமது வெப்பமானி 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். காய்ந்த இறகுள்ள கோழிக்கு அது குளிரல்ல, சொகுசு. ஆனால் 2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவால் போன நாட்களில் குளிர்காற்றும் மழையும் சேர்ந்தடித்து, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. அப்போது இங்கே தண்ணீர் உறையவில்லை. நனைந்த உடம்பில் இரவு முழுவதும் காற்று அடித்தது, அவ்வளவுதான். மாட்டுக்கே அந்தக் கதி என்றால் இரண்டு கிலோக் கோழிக்கு என்ன? இறகுக்கும் தோலுக்கும் இடையில் சிறைப்பட்டிருக்கும் காற்றுத்தான் கோழியின் போர்வை. இறகு நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும்.

ஆகவே நமது மாரிக்குக் கூட்டில் தடுக்க வேண்டியது தூவானத்தை. மழை நேரே விழுந்தால் கூரை பார்த்துக்கொள்ளும். வாடையோடு சாய்ந்து வரும் தூவானம் பக்கத்தால் நுழைந்து, கோழியையும் நனைத்து, கீழே கிடக்கும் எச்சத்தையும் நனைக்கும். ஈர எச்சத்திலிருந்து அமோனியா எழும். அது கண்ணையும் மூச்சுக்குழாயின் உட்தோலையும் அரித்துவிட்டால் பிறகு எந்தக் கிருமிக்கும் படலை திறந்ததுதான். மூக்கு ஒழுகலும் கரகரப்பும் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன. மழை தொடங்கியதும் நீங்கள் அந்த ஒரு யன்னலையும் சாக்கால் அடைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் செய்வதுதான். ஈரத்தைத் தடுப்பதாக நினைத்து உள்ளிருந்த ஈரத்தைப் பூட்டிவைத்துவிட்டீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். செத்த இரண்டில் கழுத்துத் திருகியதா, பச்சையாகக் கழிந்ததா, கால் அல்லது செட்டை இழுத்ததா? அப்படியானால் அது இராணிக்கெட் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். உலகத்தில் எந்தக் கூடும் அதைத் தடுக்காது. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசிக்குக் கேளுங்கள், மழைக்கு முன்பே. அம்மைக்கும் சேர்த்துக் கேளுங்கள். கோழி அம்மையை நுளம்பு காவுகிறது, நமது நுளம்புக்கும் மாரிதான் பருவம்.

கனடாக் கூட்டின் படத்தை நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். வேலைப்பாடு அழகாக இருக்கிறது. இரட்டைச் சுவர், நடுவே வெப்பம் தடுக்கும் பஞ்சு, கறுப்புத் தார்த்தகட்டுக் கூரை, நான்கடி உயரம், உள்ளங்கை அகலத்தில் இரண்டு காற்றுத் துளை. வெப்பம் தடுக்கும் சுவர் வெயிலையும் தடுக்கும் என்று மகன் நினைப்பதில் பிழையில்லை. ஆனால் உள்ளே இருப்பது அரிசி மூட்டை அல்ல. இரண்டு கிலோக் கோழி ஒன்று சும்மா குந்தியிருந்தாலே ஏறத்தாழ 10 வாட் சூட்டை வெளிவிடும். பன்னிரண்டு பேடும் ஒரு சேவலுமாக அடைத்தால், 100 வாட் குமிழ் ஒன்றுக்கு மேலே அந்தப் பெட்டிக்குள் விடியுமட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவின் தை மாதத்தில் அது வரம். நமது சித்திரை இரவில், வெளியே காற்றும் ஓய்ந்து கிடக்கும்போது, அந்தச் சூட்டுக்குப் போக வழியில்லை. கறுப்புக் கூரையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, மென்மரம் இங்கே கறையானுக்குப் பந்தி வைத்த மாதிரி. உயரமும் நான்கடி. அதைக் கூட்டித் துடைக்க நீங்கள் முழந்தாளில் ஊர வேண்டும். குனிந்தும் நுழைய முடியாத கூட்டை ஒருவரும் ஒழுங்காகத் துப்புரவாக்குவதில்லை.

இரண்டு தட்டு இரும்புக் கூட்டைக் கடையில் போய்ப் பார்த்திருக்கிறேன். காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் கூரையுமில்லை, மறைப்புமில்லை, குந்தத் தடியுமில்லை. மேல் தட்டுக் கோழியின் எச்சம் கீழ்த்தட்டுத் தட்டத்தில். அதை ஒரு பத்திக்குள் வைத்து, குஞ்சுகளையும் புதிதாக வாங்கி வந்த கோழியையும் சில நாள் ஒதுக்கி வைக்கப் பாவிக்கலாம். வீடாகாது.

ஆகவே காசை மகனிடம் வாங்குங்கள். படத்தை வாங்க வேண்டாம். அந்தக் காசில் பெரும்பங்கைக் கூரைக்குப் போடுங்கள். சுவருக்குச் செலவழிக்காதீர்கள், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் கோழிக்குச் சுவர் வேண்டியது ஆண்டில் மூன்று மாதந்தான். நமது மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டி முடிந்துவிடுகிறது. மிச்ச மாதங்களில் சுவர் கோழிக்கு எதிரி. கழற்றி மாட்டக்கூடிய சுவராக இருந்தால் போதும்.

பன்னிரண்டுக்கும் சேவலுக்கும் எட்டடி நீளம், ஆறடி அகலம் கணக்கு. பகலில் வளவில் திரிகிறவைக்கு இது தாராளம். நீளப்பாடு கிழக்கு மேற்காக இருக்கட்டும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் இங்கே நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நமது நிழல் நமது காலடியிலேயே விழும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடி அப்படி. அந்த வெயிலைக் கூரை வாங்கிக்கொள்ளும். கூட்டுக்குள் நுழைந்து சுடுவது காலையும் பின்னேரமும் சாய்ந்து வரும் வெயில். குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்குமாக இருந்தால் அது நுழைய இடம் குறைவு. மேற்குப் பக்கத்தை மட்டும் பலகையாலோ இரட்டைக் கிடுகுத் தட்டியாலோ முழுதாக அடைத்துவிடுங்கள். வடக்கும் தெற்கும் ஓரடிக் கட்டுக்கு மேலே முழுவதும் கம்பிவலை. வைகாசி முதல் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தெற்குப் பக்கத்தால் புகுந்து வடக்கால் வெளியேறும். இதைவிட நல்ல மின்விசிறி எந்தக் கடையிலும் இல்லை, மின்கட்டணமும் இல்லை.

கூரைக்கு என்ன போடுவது என்பதில் இருபது வருடம் நான் பலரோடு வாதாடியிருக்கிறேன். வெறும் ஓலைக் கூரைதான் குளிர்ச்சி. பனை ஓலை கிடுகைவிடக் கூடுதல் காலம் நிற்கும். ஆனால் ஓலைக்குள் எலி குடியிருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும், மூன்றாவது மாரியில் ஒழுக்குத் தொடங்கும். வெறும் தகரத்தைப் பற்றி ஏற்கெனவே கண்டுவிட்டீர்கள். என் முடிவு அம்மாவின் முடிவுதான்: ஒழுக்குக்குத் தகரம், வெயிலுக்கு அதன் மேலே கிடுகு. தகரத்தில் வெயில் படவே கூடாது. கிடுகை ஆண்டுக்கொரு தடவை, பங்குனி முடியுமுன் மாற்றிக்கொள்ளுங்கள். புயல் காலத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கப்புகளோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். கிடுகுக்கு ஆள் கிடைக்காத காலம் இது என்பதும் தெரியும். அப்படியானால் தகரத்தின் மேற்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு தரம் பூசுங்கள். மழை கழுவிவிடும், அடுத்த கோடைக்கு மறுபடி பூச வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் வீட்டில் கிடக்கிறது என்று அதை வெட்டிப் போடாதீர்கள். அந்தத் தூசு உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. நடுக்கூரை எட்டடி உயரம், தாழ்வாரம் சுற்றிவர மூன்றடி வெளியே நீளட்டும். தூவானத்தில் பாதியைத் தாழ்வாரமே மறிக்கும்.

மீதிப் பாதிக்குத்தான் கழற்றி மாட்டும் சுவர். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படங்கு போதும், தறப்பாளும் சரி. மாட்டும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லோரும் யன்னல் சீலை போல மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடுவார்கள். காற்று வேண்டும்போது கீழிருந்து சுருட்டுவார்கள். அப்போது ஈரக்காற்று நேரே கோழியின் மேல் அடிக்கும். மேலே திரண்ட கெட்ட காற்றோ வெளியேறாது. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். படங்கின் கீழ்விளிம்பைக் கட்டோடு ஆணியடித்துவிட்டு, மேல்விளிம்பில் ஒரு தடி கோத்து, கயிறு கட்டி மேலே இழுங்கள். கொடியேற்றுவது போல. எவ்வளவு இழுத்தாலும் கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், புயலடித்தாலும். காற்று கோழியின் தலைக்கு மேலால் வந்து தலைக்கு மேலால் போகும். வடக்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் இப்படி ஒவ்வொரு படங்கு. தெற்குக்கு ஒன்றை மடித்துத் தயாராக வைத்திருங்கள், தாழமுக்கம் வந்தால் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று சொல்ல முடியாது. தைப் பொங்கல் கழிந்து மழை விட்டதும் எல்லாவற்றையும் கழற்றிக் காயப் போட்டு மடித்து வைத்துவிடுங்கள். கட்டினபடியே விட்டால் சித்திரை மறுபடி வரும்.

தரைக்கு, உங்கள் செம்மண்ணில் வெள்ளம் நிற்காது என்பதால், சுற்றுநிலத்தைவிட ஓரடி உயர்த்திச் சீமெந்து இழுத்து, நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பினால் போதும். பள்ளக் காணிக்காரர் என்றால் இரண்டடிக் கால் மேல் பனஞ்சிலாகைத் தட்டுப் போடச் சொல்லியிருப்பேன். உமியை வாரத்துக்கு ஒரு தரம் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பிடித்து விரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. கட்டியாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, அந்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவும் வழக்கம் நம்மிடம் உண்டு. காய்ந்த வெறுந்தரைக்கு அது நல்லது. ஈர எச்சத்தின் மேல் தூவினால் அமோனியா இன்னும் கூடுதலாகக் கிளம்பும். எல்லாவற்றையும்விட நல்ல கருவி உங்கள் மூக்குத்தான். விடியற்காலை கதவைத் திறந்ததும், கோழி குந்தும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சை இழுங்கள். கண் கரித்தால், படங்கை இன்னும் ஒரு சாண் இறக்க வேண்டும்.

குந்துவதற்கு நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில், இரண்டு அங்குலம் பருத்த, விளிம்பு மழுக்கிய இரண்டு தடிகள், நீளப்பாட்டுக்கு. கோழிக்கு எட்டு அங்குலம் இடம் வேண்டும். எட்டடித் தடி இரண்டிருந்தால் கோடை இரவில் ஒன்றையொன்று தொடாமல் அகன்று குந்தலாம், மாரியில் நெருங்கியும் குந்தலாம். முட்டைப் பெட்டி மூன்று, ஓரடிச் சதுரம். அவற்றைத் தடியைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குள் படுத்து எச்சமிடும். அடைக்கோழிக்கு என்று ஒரு பெட்டியைக் கிழக்கு மூலையில், பக்கமெல்லாம் சிலாகை அடித்ததாகச் செய்வியுங்கள். அந்த மூன்றையும் நினைத்துச் சொல்கிறேன்.

மரநாய்க்கு: அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். பாம்பும் எலியும் அதனால் நிற்கும். அந்த மேல் ஓரடி இடைவெளிக்கும் வலை உண்டு என்பதைத் தச்சர் மறந்துவிடுவார்; நீங்கள் மறக்க வேண்டாம். மரநாய் வருவது அந்த வழியால். கப்புக்கு மரக்காலையில் வைரமுள்ள பனங்குற்றியாகப் பார்த்து எடுங்கள். கூட்டைக் கிணற்றடியிலிருந்து வளவு இடம் கொடுக்குமட்டும் தள்ளி வையுங்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலம் எதையும் வடிகட்டுவதில்லை, மேலே விட்டதைக் கீழே கிணற்றில் தரும்.

வெயில் நாட்களுக்கு ஒரு சில வார்த்தை. சாதாரண நாளில் கோழி கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது இரட்டிக்கும். உங்களுக்கு நாளுக்கு ஆறரை லீற்றர். மண்சட்டியில், நிழலில், நடுப்பகலில் ஒரு தரம் மாற்றி. தீனியை விடியவும் பொழுதுபடவும் வையுங்கள். சமிபாட்டாலும் உடம்பு சூடாகும். பகல் பன்னிரண்டுக்குக் கிடுகுக்கு மேலே தண்ணீர் தெளிக்கலாம். கோழிக்கு மேலே தெளிக்காதீர்கள், காற்றில்லாத இடத்தில் ஈரம் கூடினால் இளைப்புக்குப் பயன் போய்விடும்.

மகனுக்கு. அவருடைய கூடு அவருடைய ஊருக்குப் பெரிய பிழையில்லை. சூட்டு விளக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ந்த உமியும் மரச்சுவரும் உள்ள பெட்டிக்குள் சூட்டு விளக்குத் தொங்குவது தீக்குச்சியை உரசி வைப்பது போல. அங்கே கூடுகள் எரிவதற்கு அது வழக்கமான காரணம். காய்ந்த கூடாக இருந்தால், இறகு நிறைந்த வளர்ந்த கோழி பூச்சியத்துக்குக் கீழேயும் தாங்கும். அவர் பயப்பட வேண்டியது கொண்டை உறைந்து கறுப்பதற்கு, அதற்கும் பெரும் காரணம் உள்ளே தேங்கும் மூச்சு ஈரந்தான். காலையில் யன்னலின் உட்பக்கத்தில் பனி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படிந்திருந்தால் காற்றுத் துளை போதாது. கூரையோரமாக, கோழியின் தலைக்கு மேலே இன்னும் துளையிட வேண்டும். குளிரென்று உள்ள துளையையும் துணியால் அடைக்கக்கூடாது. தாயும் மகனும் இரண்டு கண்டத்தில் இருந்தாலும் சாக்கால் அடைக்கும் கை ஒன்றுதான். குந்தும் தடி அங்கே தட்டையாக, நான்கு அங்குல அகலமாக இருந்தால் கோழி தன் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். தண்ணீர் உறையாமல் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருக்கும். மார்கழியில் முட்டை நின்றுவிட்டது என்று கவலைப்பட்டால், அது நோயல்ல. அங்கே அப்போது பகல் ஒன்பது மணிநேரந்தான். முட்டையிடக் கோழிக்குப் பதினான்கு மணிநேர வெளிச்சம் வேண்டியிருக்கும். நமக்கு ஆண்டு முழுவதும் பகல் நீளம் ஒரு மணிநேரம் சற்றுக் கூடுதலாகத்தான் மாறுகிறது, அதனால் இந்தத் தொல்லை இங்கே தெரியாது.

கடைசியாக, புதுக்கூடு கட்டியபின் கோழிகள் அதற்குள் போகுமா என்றால், உடனே போகாது. பழக்கம் மாமரத்தில் இருக்கிறது. பொழுது மங்கி அவை ஏறிக் குந்தியபின் ஏணி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து புதுத்தடியில் குந்த வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை போடாது. அடுத்த நான்கைந்து நாள் வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும். பிறகு திறந்துவிட்டால் பத்துப் பதினொன்று தாமாகவே வந்துவிடும். ஒன்றிரண்டு மறுபடி மரத்துக்குப் போகும். எது முதலில் ஏறுகிறது என்று பாருங்கள். அது அனேகமாக ஒரு பழைய பேடாக இருக்கும். மற்றவை அதன் பின்னால் போகிறவை. அதை மட்டும் ஒரு கிழமைக்குப் பின்னேரம் ஐந்தரைக்கே பிடித்து, ஒரு கை நெல் போட்டு உள்ளே விடுங்கள். அதன் பிறகும் அது மரத்துக்குப் போனால், ஒரு காலையில் கூட்டுக்குள் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.